அமரோனே தேடி வால்போலிச்செல்லாவுக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு

வட இத்தாலியில் வெரோனா நகரத்துக்கு வடமேற்கே, கார்தா ஏரிக்கும் லெசீனி மலைகளுக்கும் நடுவில் இருக்கிறது வால்போலிச்செல்லா. அமரோனே என்ற சிவப்பு ஒயினுக்குப் பேர்போன மலைச்சரிவுகள். அந்த ஒயினை அதன் ஊரிலேயே பார்த்துவிட வேண்டும் என்று ஓர் அக்டோபர் தொடக்கத்தில் தனியாகக் கிளம்பிப் போனேன். விமான டிக்கெட், தங்கிய செலவு, சாப்பாடு எல்லாம் தனி. எதற்கும் உதவாமல் கையைவிட்டுப் போன பணம் மட்டும் அன்றைய மதிப்பில் 54,000 ரூபாய். அதில் ஒரு பகுதி, மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகு திரும்பி வந்தது. மீதி போனது போனதுதான். கிளம்புவதற்கு முன் தமிழில் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. ஆங்கிலத்தில் கிடைத்ததெல்லாம் கார் எடுத்துக்கொண்டு சுற்றுகிறவர்களுக்கும், ஐரோப்பாவிலேயே வீடு உள்ளவர்களுக்கும் எழுதியவை. சென்னைக்குத் திரும்ப வேண்டிய, தனியாகப் போகிற, பஸ்ஸை நம்புகிற ஒருத்திக்கு என்னென்ன நேரும் என்று யாராவது ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால் பாதி வேதனை எனக்கு மிச்சமாகியிருக்கும். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலின் ரெஸ்டாரன்ட்டில் ஒயின் பரிமாறுவது என் வேலை. டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் படிப்பின் மூன்றாம் நிலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் பட்டியலில் சாதாரண வால்போலிச்செல்லாவும் அமரோனேவும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். விலையோ மலைக்கும் மடுவுக்கும். "ரெண்டும் அதே திராட்சைதானே, எதுக்கு இவ்வளவு வித்தியாசம்?" என்று விருந்தினர்கள் கேட்பார்கள். அதே திராட்சைகள்தான். கொர்வீனா என்ற கருந்திராட்சைதான் இரண்டிலும் பிரதானம். சட்டப்படி கலவையில் 45 முதல் 95 சதவீதம் வரை இருக்கலாம். அதில் பாதியளவுக்கு மேல் போகாமல் கொர்வினோனே என்ற பெரிய மணித் திராட்சையைச் சேர்த்துக்கொள்ளலாம். ரொந்தினெல்லா 5 முதல் 30 சதவீதம். மிச்சத்துக்கு ஒசெலேத்தா, மொலினாரா போன்ற உள்ளூர் வகைகள். மொலினாரா ஒரு காலத்தில் கட்டாயமாக இருந்தது, இப்போது இல்லை. அமரோனேவுக்கு மட்டும் பழத்தை மூன்று நான்கு மாதம் உலர்த்திவிட்டுப் பிழிகிறார்கள், அதனால்தான் இந்த விலை என்று பாடத்தில் படித்ததை ஒப்பிப்பேன். ஒப்பிக்கும்போதெல்லாம் மனசில் ஒரு நெருடல். எனக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஓடி விளையாடி வளர்ந்தவள். மழையில் நனைந்த குலையைக் கூடையில் இரண்டு நாள் விட்டாலே பூசணம் பிடித்துவிடும் என்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். பனிமூட்டம் இறங்குகிற ஓர் ஊரில் நூறு நாள் பழத்தைக் கெடாமல் எப்படி வைத்திருக்கிறார்கள்? இதை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் போனேன். இரண்டு வருஷச் சேமிப்பு.

வெரோனாவில் இருக்கும் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் இணையத்தில் முன்பதிவு செய்திருந்தேன். 'அறுவடை நாள்' என்று பெயர். காலையில் தங்கும் இடத்துக்கே வண்டி வரும், தோட்டத்தில் பழம் பறிக்கலாம், மூன்று ஒயின் பண்ணைகள், மதியச் சாப்பாடு, மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். 220 யூரோ, முழுவதும் முன்பணம். முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு குறுஞ்செய்தி வந்தது. மழை வருகிறது, பண்ணைகள் அவசரமாக அறுவடை செய்கின்றன, பயணம் ரத்து, பணம் திரும்பத் தரப்படாது, ஒரு வருஷத்துக்குள் வேறு நாளில் வந்து பயன்படுத்திக்கொள்ள ஒரு கூப்பன் தருகிறோம். சென்னையிலிருந்து ஒரு வருஷத்துக்குள் இன்னொரு தடவை வருகிறவளா நான்? போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுநாள் காலையில் ரசீதில் இருந்த முகவரியைத் தேடிப் போனால் அது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசலில் அழைப்பு மணிகளுக்குப் பக்கத்தில் இருந்த பெயர்ப் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயரே இல்லை. கை நடுங்கியது. ஏமாற்றத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். ஊரில் யாருக்காவது போன் பண்ணி அழலாம் என்றால், "தனியாப் போகாதேன்னு அப்பவே சொன்னோமே" என்பார்கள் என்று தெரியும். அதனால் யாரையும் கூப்பிடவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தி, போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரைக்கும் அந்த மலைச்சரிவில் எல்லாக் குடும்பங்களும் தோட்டத்தில்தான் இருக்கும். அந்த வருஷத்து வானிலையைப் பார்த்து எந்த நாளில் எந்தத் தோட்டத்தை அறுப்பது என்று கடைசி நேரத்தில்தான் முடிவு செய்கிறார்கள். 'அறுவடையைப் பார்க்கலாம்' என்று மாதங்களுக்கு முன்பே ஒரு தேதியைக் குறித்து விற்கிற எதையும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். நடுவில் ஆள் தேவையே இல்லை. சிறிய பண்ணைகளும் இணையதளத்தில் மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கின்றன. நேரடியாக எழுதிக் கேட்டால் நாள், நேரம் குறித்துத் தருவார்கள். சுவைத்துப் பார்ப்பதற்கான கட்டணத்தைப் பெரும்பாலும் அங்கே போய்த்தான் கொடுக்க வேண்டும். நான் போனபோது 20 முதல் 40 யூரோ வரை கேட்டார்கள். எங்காவது முன்பணம் கட்டியே ஆக வேண்டும் என்றால் வங்கி வழியாக அனுப்பாமல் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். ரத்து செய்த செய்தியையும் விளம்பரப் பக்கத்தையும் அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேவை கிடைக்கவில்லை என்று நான் கார்டு வங்கியில் புகார் கொடுத்தேன். கேட்ட காகிதத்தையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள், சலிக்காமல் அனுப்பினேன். அந்த 220 யூரோ பிப்ரவரியில் கணக்குக்குத் திரும்பி வந்தது. திரும்பக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார மனம் வரவில்லை. தங்கியிருந்த இடத்தின் வரவேற்பில் பஸ் அட்டவணை ஒன்றைக் கொடுத்தார்கள். அதை நம்பிக் கிளம்பினேன். வெரோனாவிலிருந்து சான் பியெத்ரோ இன் கரியானோவில் போய் இறங்கி, அங்கிருந்து ஃபுமானே பக்கம் நடந்தேன். நடந்த முதல் ஒரு மணி நேரம் நான் வாழ்க்கையில் மறக்க விரும்பாத நேரம். சாலையின் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு பூசாமல், கல்லின்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள். மரோஞ்ஞே என்பார்கள். சரிவு சரிந்துவிடாமல் அவைதான் தாங்கி நிற்கின்றன. அதற்கு மேலே கொடிகள் தலைக்கு மேல் படர்ந்த பந்தல்கள். 'வெரோனா பெர்கொலா' என்று புத்தகத்தில் படம் பார்த்திருந்தேன். நேரில் பார்த்ததும் கம்பத்துப் பந்தல் மாதிரியே இருக்கிறதே என்று நின்றுவிட்டேன். குலைகள் இலை நிழலில் தொங்கிக்கொண்டிருந்தன. அடியில் குனியாமல் நடக்கலாம். பிறகு மழை பிடித்துக்கொண்டது. வழியில் பார்த்த பண்ணைக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. சாலையில் நடைபாதை கிடையாது. வளைவுகளில் கார்கள் உரசுகிற மாதிரி வந்தன. ஃபுமானேயில் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்து காத்திருந்தால் பஸ் வரவில்லை. பஸ் நிறுத்தத்துக் கம்பத்தில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: என்னிடம் கொடுத்திருந்தது வேலை நாள் அட்டவணை. ஞாயிறன்று மதியத்துக்கு மேல் அந்த வழியில் பஸ்ஸே இல்லை. போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டவும் தொடங்கிவிட்டது. முகம் தெரியாத ஊரில், ஈரத் துணியோடு, பாஷை தெரியாமல் ஒரு பஸ் நிறுத்தத்தில் தனியாக நிற்கிற பயம் எப்படிப்பட்டது என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிரே திறந்திருந்த ஒரு காப்பிக் கடைக்குள் போய் நின்றேன். கல்லாவில் இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, முதலில் ஒரு துண்டைக் கொடுத்து, பிறகு வெரோனாவுக்குப் போன் பண்ணி டாக்சி வரவழைத்தார். 48 யூரோ. அந்த அம்மா காப்பிக்குக் காசு வாங்கவில்லை.

பஸ்ஸில் போவது முடியாத காரியம் இல்லை. வார நாட்களில் வெரோனாவிலிருந்து நெக்ரார், சான் பியெத்ரோ, ஃபுமானே, சான்த் அம்ப்ரோஜோ எல்லாவற்றுக்கும் பஸ் இருக்கிறது. நிறுத்தத்தில் இருக்கும் அட்டவணையில் 'ஃபெஸ்திவோ' என்ற பகுதிதான் ஞாயிறுக்கும் விடுமுறைக்கும் உரியது. அதில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று முதலில் பார்த்துவிட்டு இறங்குங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே புகையிலைக் கடைகளில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். வண்டியில் ஏறியதும் இயந்திரத்தில் பதிந்துவிடுங்கள், பதியாத டிக்கெட்டுக்கும் அபராதம் உண்டு. கிராமங்களில் கைகாட்டினால் நிற்கிற டாக்சி கிடையாது, போனில்தான் அழைக்க வேண்டும். ஒரு டாக்சி நிறுவனத்தின் எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கார் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராம் என்பதுதான் அங்கே எல்லை. அமரோனே மாதிரி 15, 16 சதவீத ஒயினை நாலு இடத்தில் சுவைத்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது. வெரோனா பழைய நகரத்துக்குள் வண்டிகளுக்குத் தடை உள்ள பகுதிகள் இருக்கின்றன; கேமரா படம் பிடித்துவிடும், அபராதம் மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும், வாடகைக்கார் நிறுவனம் தன் பங்குக்குத் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும். ஒரே நாளில் மூன்று நான்கு பண்ணை என்று பேராசைப்படாமல் ஒன்றையோ இரண்டையோ பார்ப்பதானால் பஸ்ஸே போதும்.

ராத்திரி உட்கார்ந்து கண்ணில் பட்ட பண்ணைகளுக்கெல்லாம் மின்னஞ்சல் எழுதினேன். ஹோட்டல் வேலை, தேர்வு, எனக்குள்ள ஒரே கேள்வி எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் பதிலே போடவில்லை. வால்போலிச்செல்லாவிலேயே உள்ள மரானோ என்ற ஊரில் ஒரு குடும்பம் மட்டும், செவ்வாய்க்கிழமை மதியம் வரலாம், எங்களுக்கு வேலை இருக்கும், நடுநடுவேதான் பேச முடியும் என்று எழுதியது. அது போதும் எனக்கு. அந்த வீட்டு மருமகள் பஸ் நிறுத்தத்துக்கே வண்டியில் வந்து ஏற்றிக்கொண்டு போனார். என்னைவிடப் பத்து வயசு மூத்தவராக இருக்கலாம். விரல் நகங்களிலெல்லாம் திராட்சைக் கறை.

பழம் உலர்த்தும் இடத்துக்கு ஃப்ருத்தாயோ என்று பெயர். ஒயின் செய்யும் கூடத்துக்கு மேல்மாடி அது. நீளமான அறை, இரண்டு பக்கமும் எதிரெதிரே வரிசையாக ஜன்னல்கள். பள்ளத்தாக்கில் எந்தத் திசையில் காற்று அடிக்கும் என்று பார்த்துத்தான் அந்த ஜன்னல்களை வைத்திருக்கிறார்கள். உள்ளே ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய ஆழமில்லாத பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் குலைகள் ஒரே ஒரு அடுக்கு, ஒன்றின்மேல் ஒன்று படாமல். ஒரு மூலையில் பழைய முறைப்படி மூங்கில் தட்டிகள். அரேலே என்கிறார்கள். மாமனார் அதை விட மாட்டேன் என்கிறாராம். படியேறும்போதே வாசனை வந்துவிட்டது. புதுத் திராட்சையின் புளிப்பு வாசனையும், அப்போதுதான் சுருங்கத் தொடங்கிய தோலின் இனிப்பு வாசனையும் கலந்து. நான் என் கேள்வியைக் கேட்டேன். மருமகள் பதில் சொல்லாமல் ஒரு பெட்டியை இழுத்து ஒரு குலையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். மணிகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. அதுதான் முதல் காரணம். உலர்த்துவதற்கு என்று அறுக்கும்போது இப்படி இடைவெளி விட்டு, தொங்கலாக இருக்கிற குலையை மட்டுமே கையால் தேர்ந்து அறுக்கிறார்கள். நெருக்கியடித்த குலை சாதாரண ஒயினுக்குப் போய்விடும். ஒரு மணி நசுங்கியிருந்தாலும் பெட்டிக்குள் வராது. அடுத்து அந்தக் குலையில் ஒரு கொர்வீனா மணியை என் விரலிடுக்கில் வைத்து அழுத்தச் சொன்னார். தோல் தடிப்பு, சட்டென்று வெடிக்கவில்லை. பிறகு ஒரு சின்னக் கத்தரியை எடுத்து, என் கண்ணில் படாத ஒரு சாம்பல் நிற மணியை, அதை ஒட்டியிருந்த நல்ல மணிகள் இரண்டையும் சேர்த்துக் காம்போடு வெட்டிப் போட்டார். தினமும் இரண்டு பேருக்கு இதே வேலை, பெட்டி பெட்டியாக.

ஈரக்காற்று அடிக்கிற நாளில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் ஓடும். காய்ந்த காற்று வந்தால் எல்லா ஜன்னலும் திறந்துவிடும். குளிர்காலம் நெருங்க நெருங்கக் குளிரே பூசணத்தை அடக்கிவிடுகிறது. எங்கள் ஊர் வெக்கையில் இது நடக்காது என்பது எனக்கு அங்கே நின்றபோது உடனே புரிந்தது. நூறு நாள், சில வருஷம் 120 நாள் கழிந்தால் பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். டிசம்பர் 1-க்கு முன்னால் பிழியக் கூடாது என்பது சட்டம். பிழியும்போது நல்ல குளிர். சர்க்கரையும் மிக அதிகம். அதனால் ஈஸ்ட் மெதுவாகத்தான் வேலை செய்யும். நொதிப்பு ஒரு மாதம், அதற்கு மேலும் இழுக்கும். சாதாரண ஒயினுக்கு 100 கிலோ பழத்தில் 70 லிட்டர் வரை எடுக்கலாம் என்றால், அமரோனேவுக்கு 40 லிட்டர்தான் உச்சவரம்பு. தோட்டத்து விளைச்சல் முழுவதையும் உலர்த்தவும் விடமாட்டார்கள். அதற்கும் ஒரு வரம்பு உண்டு. இதற்குப் பிறகும் இரண்டு வருஷமாவது வைத்திருந்துதான் வெளியே விற்க முடியும், ரிசர்வா என்றால் நாலு வருஷம். எங்கள் ஹோட்டல் விருந்தினர் கேட்ட விலைக் கேள்விக்கு விடை அந்த மாடியில் என் கண் முன்னால் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. வெரோனாவில் அழாமல் அடக்கிக்கொண்ட எனக்கு அங்கே கண் கலங்கிவிட்டது. அவர் பதறிப்போய் "என்ன ஆச்சு?" என்று கேட்டார். தேர்வு பயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கீழே இறங்கி மேசைக்கு வந்ததும், ஊற்றிய வரிசையிலேயே ஒரு பாடம் இருந்தது. முதலில் இளம் வால்போலிச்செல்லா. 12 சதவீதம்தான், புளிப்புச் செர்ரி, லேசாகக் குளிரவைத்துக் குடிக்கிற ஒயின். அடுத்து ரிபாசோ. அமரோனே வடித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற தோல் சக்கையின்மேல் சாதாரண வால்போலிச்செல்லாவை ஊற்றி இன்னொரு தடவை நொதிக்க விடுகிறார்கள். கனமும் கூடுகிறது, ஆல்கஹாலும் கூடுகிறது. மூன்றாவது அமரோனே. காய்ந்த செர்ரி, காய்ந்த அத்தி, நாக்கின் ஓரத்தில் ஒரு கசப்பு. கடைசியில் ரெச்சோத்தோ என்ற இனிப்பு ஒயின். வயசில் மூத்தது இதுதான். ஆறாம் நூற்றாண்டிலேயே தியோதோரிக் மன்னரின் அமைச்சர் கசியோதோருஸ் இந்தப் பக்கத்து உலர் திராட்சை ஒயினைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். அமரோனே அதற்குப் பிறந்த பிள்ளை. நெக்ராரின் கூட்டுறவு ஒயின் கூடத்தில் 1936-ல் அடெலினோ லுக்கேசே என்ற பொறுப்பாளர், மறந்துபோய்க் கிடந்த ஒரு ரெச்சோத்தோ பீப்பாயைத் திறந்து பார்த்தபோது சர்க்கரை முழுவதும் நொதித்து ஒயின் இனிப்பில்லாமல் மாறியிருந்ததாம். அவர்கள் சொல்லும் கதை அது. துப்பும் பாத்திரம் மேசையிலேயே இருக்கும், வெட்கப்படாமல் துப்புங்கள். அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நாலையும் விழுங்கிவிட்டால் நாலாவது என்ன சுவை என்று நாக்குக்குத் தெரியாது.

லேபிள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வெரோனாவில் அரேனா மைதானத்தைச் சுற்றியுள்ள சுற்றுலாக் கடைகளில் ஒன்றில் 'குட்டி அமரோனே' என்று சொல்லி ஒரு பாட்டிலை 24 யூரோவுக்கு நீட்டினார்கள். பார்த்தால் 'அப்பாசிமெந்தோ' (உலர்த்துதல்) என்று பெரிய எழுத்தில், கீழே சின்னதாக ஐ.ஜி.டி. ரோசோ வெரோனேசே, அதாவது வெரோனா வட்டாரத்துச் சிவப்பு ஒயின் என்று மட்டும். கொஞ்சம் பழத்தை உலர்த்தினால் போதும், அந்தச் சொல்லைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளலாம். அமரோனேவுக்குள்ள கட்டுப்பாடு எதுவும் அதற்கு இல்லை. மோசமான ஒயின் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த விலைக்கு மரானோவில் நல்ல ரிபாசோ வாங்கி மீதிச் சில்லறையும் வாங்கிவரலாம். அமரோனேவுக்கு 2010-ல் டி.ஓ.சி.ஜி. என்ற உச்சத் தகுதி கிடைத்தது. பாட்டில் கழுத்தில் எண்ணிட்ட அரசாங்கப் பட்டை ஒட்டியிருக்கும். அதைப் பாருங்கள். 'கிளாசிகோ' என்று இருந்தால் பழைய ஐந்து ஊர்களின் பழம்: நெக்ரார், மரானோ, ஃபுமானே, சான்த் அம்ப்ரோஜோ, சான் பியெத்ரோ இன் கரியானோ. அந்தச் சொல் இல்லாததால் தரம் குறைந்தது என்று எண்ண வேண்டாம். கிழக்கே இல்லாசி பள்ளத்தாக்கில்தான் தல் ஃபொர்னோ ரொமானோ என்ற பண்ணை இருக்கிறது. உலகமே தேடுகிற அமரோனேக்களில் அதனுடையதும் ஒன்று.

இனி சொல்லப்போவதுதான் எனக்குப் பெரிய அடி. மரானோ பண்ணையில் ஆறு பாட்டில் வாங்கினேன், 258 யூரோ. ஹோட்டலில் கூட வேலை பார்ப்பவர்களுக்குச் சுவைத்துக் காட்ட வேண்டும், படிக்க வேண்டும் என்று ஆசை. பண்ணைக்காரர்கள் இந்தியாவுக்கு அனுப்புவதில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்கள். நகரத்தில் ஒரு பார்சல் நிறுவனம் 'உலகம் முழுவதும் ஒயின் அனுப்புகிறோம்' என்று பலகை வைத்திருந்தது. வரி எல்லாம் சேர்த்துத்தானா என்று கேட்டேன். ஆமாம், வீட்டு வாசல் வரைக்கும் என்றார்கள். 92 யூரோ கட்டினேன். நான் ஊர் வந்து சேர்ந்து நாட்கள் கழித்துச் சென்னை விமான நிலைய கார்கோவிலிருந்து ஒரு சுங்க முகவர் கூப்பிட்டார். வரி யாரும் கட்டவில்லை. ஒயினுக்குச் சுங்க வரி அப்போது மொத்தம் 150 சதவீதம். அதுவும் பாட்டில் விலையோடு அனுப்பிய கூலியையும் சேர்த்து அதன்மேல். ஒரு யூரோ 88 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 30,800 ரூபாய்ச் சரக்குக்கு 46,200 ரூபாய் வரி. உணவுப் பாதுகாப்புத் தடையின்மைச் சான்று, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி என்று கேட்ட காகிதங்கள் தனி. டெமரேஜ் என்ற கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது.

"வேற வழியே இல்லையா சார்?" என்று கேட்டேன். "ரீ-எக்ஸ்போர்ட் பண்ணலாம் மேடம். அதுக்கும் நீங்கதான் காசு கட்டணும். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா டூட்டி, டெமரேஜ் எல்லாம் கூட்டிப் பாத்தா பாட்டில் விலையைத் தாண்டிடுது. லெட்டர் எழுதிக் குடுத்துட்டு விட்ருங்க" என்றார். அவர் நல்ல மனுஷன், கட்டாயப்படுத்தவில்லை. சுங்கச் சட்டம் 23-வது பிரிவின்படி சரக்கின் உரிமையைக் கைவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் வரி கட்டும் பொறுப்பு போய்விடும். எழுதிக் கொடுத்தேன். அந்த மருமகள் ஒவ்வொரு பாட்டிலையும் துணியால் துடைத்து அட்டைப்பெட்டியில் வைத்தது கையெழுத்துப் போடும்போது நினைவுக்கு வந்தது. வெரோனா நிறுவனத்துக்கு எழுதினால், பார்சல் சீட்டின் பின்பக்கம் இத்தாலிய மொழியில் 'இறக்குமதி வரி பெறுநர் பொறுப்பு' என்று இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள் என்று பதில். இந்தியாவுக்கு ஒயினைப் பார்சலில் அனுப்பவே அனுப்பாதீர்கள். யாராவது வரி சேர்த்து அனுப்புகிறோம் என்றால், டி.டி.பி. (வரி கட்டி ஒப்படைப்பது) என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ச்சொல் போதாது. எழுத மாட்டேன் என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கையில் கொண்டுவருவதுதான் வழி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரியில்லாமல் 2 லிட்டர் வரை மது கொண்டுவரலாம். முழு பாட்டில் 750 மில்லி. இரண்டு வைத்தால் ஒன்றரை லிட்டர், மூன்று வைத்தால் 2.25 லிட்டர், வரம்பைத் தாண்டிவிடும். ரெச்சோத்தோ பெரும்பாலும் 500 மில்லி பாட்டிலில் வருகிறது. ஓர் அமரோனே, ஒரு ரிபாசோ, ஒரு ரெச்சோத்தோ என்று எடுத்தால் சரியாக 2 லிட்டர். நான் என் பெட்டியில் கொண்டுவந்ததும் அதுதான், அது மட்டும்தான் ஹோட்டலில் என் சகாக்கள் வாய்க்குப் போனது. அமரோனே பாட்டில் கண்ணாடி பல நேரம் கனமாக இருக்கும். ஒரு பாட்டிலுக்கு ஒன்றரை கிலோ என்று எடையில் கணக்கு வையுங்கள். காற்று ஊதி அடைக்கிற பிளாஸ்டிக் உறை பண்ணையிலேயே விற்பார்கள். அதில் போட்டு, துணிகளுக்கு நடுவே, பெட்டியின் ஓரத்தைத் தொடாமல் வைத்து, செக்-இன் பெட்டியிலேயே அனுப்புங்கள். கைப்பெட்டியில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். பண்ணை ரசீதைப் பர்ஸில் வையுங்கள், சென்னையில் கேட்டால் காட்டலாம்.

போக நல்ல காலம் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. அறுவடைக் களைப்பு தணிந்து பேச நேரம் இருக்கும். மாடியும் பெட்டிகளால் நிறைந்திருக்கும். டிசம்பர் 1-க்குப் பிறகு போனால், அந்தப் பண்ணை தொடங்கிவிட்டிருந்தால், பிழிவதையும் பார்க்க வாய்ப்பு உண்டு. ஏப்ரலில் வெரோனாவில் வினிதாலி கண்காட்சி நடக்கும்போது நகரத்தில் அறை வாடகை ஏறிவிடும், பண்ணைக்காரர்களும் கண்காட்சியில் இருப்பார்கள். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மின்னஞ்சலில் நான்கு விஷயம் கட்டாயம் கேளுங்கள்: ஃப்ருத்தாயோவுக்குள் கூட்டிப்போவீர்களா, ஒரே ஆள் வந்தாலும் சரியா, கட்டணம் எவ்வளவு, எந்த பஸ் நிறுத்தம் பக்கம். ஆங்கிலத்திலேயே எழுதலாம். பதிலுக்கு ஒரு வாரம் பொறுங்கள், அறுவடை நேரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம். வராவிட்டால் இன்னொரு தடவை எழுதுங்கள். மரானோ வீட்டிலிருந்து எனக்கு வந்த பதிலும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல், பழம் இறக்கி முடித்த கையோடு எழுதியதுதான்.